சீசனுக்கு நான் ஊரில் இல்லை

முத்துசெல்விக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். வரும். வந்தால் வாயைத் திறக்கமாட்டாள், வீட்டைக் கழுவுவாள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் அவள் வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்து, என்ன சுத்தம் என்ன சுத்தம் என்று மெச்சிவிட்டு உள்ளே போய் உட்காருவார்கள்.

நான் பக்கத்து வீடு. மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறோம். அருவிக்குப் போகிற பாதையில் வீடு இருந்தால் யோகம் என்பார்கள். வீடு இல்லாதவன் சொல்கிற பேச்சு அது. எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. என் புருஷன் செத்த வருஷமே, வந்தவர்கள் மூஞ்சிக்கு நேராக, சோறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒருத்தரும் வரவில்லை. கெட்ட பெயர்தான், ஆனால் நன்றாகத் தூக்கம் வருகிறது. முத்துசெல்விக்கு அந்த வாய் இல்லை. அந்த வீட்டுக்கு உண்டான வாய் முழுவதும் அவள் புருஷன் சுடலைமுத்துவிடம் இருந்தது.

சுடலைமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்லவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்து அழைப்பையும் கிழித்துக் கொடுப்பான். "சீசனுக்கு வாங்க அண்ணாச்சி, அருவிக்குப் போற வழியிலதான் நம்ம வீடு." ராஜபாளையத்தில் முன்பின் தெரியாமல் ஏறினவன் வாசுதேவநல்லூரில் இறங்கும்போது சொந்தக்காரனாக இறங்குவான். சாரல் விழுந்ததும் பெண்டாட்டி, பிள்ளை, மச்சான், மச்சானுக்கு மச்சான் என்று வந்து நிற்பான். சுடலைமுத்து பல்லெல்லாம் தெரிய, "ஏட்டி, யாரு வந்திருக்கான்னு பாரு" என்பான். யார் என்று அவனுக்கே தெரியாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், சீசனில் வெளியூர்க்காரர்கள் போன் செய்தால் சுகமா என்று கேட்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" என்பார்கள். அது கேள்வி இல்லை. நாளைக்கு வருகிறோம் என்று அர்த்தம். விழவில்லை என்று பொய் சொல்லவும் முடியாது. எவனாவது ஒருவன் அருவிக்கு முன்னால் நின்று படம் பிடித்துப் போனில் போட்டிருப்பான்.

முத்துசெல்வி கடையத்துப் பெண். கல்யாணம் முடிந்து அவள் இங்கே வந்து இறங்கிய அன்றைக்குச் சாரல். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு அப்படியே தங்கிவிட்டது. புதுப்பெண் அடுப்படியில் படுத்தாள். மாப்பிள்ளை மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு படுத்தான். சாரல் ஓய்ந்து கூட்டம் கலைந்த பிறகுதான் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசினார்கள்.

அன்றைக்குப் பிடித்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை. அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் வயிறு சாதாரண வயிறு இல்லை. இட்லி வைத்தால் தட்டுக்கு வருவதற்குள் காணாமல் போகும். தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்வார்கள். அவள் வீட்டுச் சுவரில் வரிசையாக எண்ணெய்த் தலைகள் பதிந்து கிடக்கும். எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து இது யார் தலை என்று சொல்லிவிடுவாள். கொடியில் ஊர் ஊரான ஜட்டி காயும்.

சரி, அருவிக்காவது போவாளா? போவாள். குளிக்க இல்லை, காவலுக்கு. தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பொம்பளைகள் எல்லாரும் சங்கிலியைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். செருப்புக் குவியலுக்கு நடுவில், நகைக்கடை பொம்மை மாதிரி நின்றுகொண்டிருப்பாள். அவர்கள் சிரிப்பும் கூச்சலுமாக நனைவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து குளிப்பாள்.

போன சீசனில் எவனோ ஒருவன் எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்படி வாசலில் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். முத்துசெல்வி வழுக்கி விழுந்து கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்தாள். இனிமேல் கூட்டம் வராது என்று நினைத்தேன். எனக்கும் வயதாகிவிட்டது, அதனால்தான் அப்படி நினைத்திருக்கிறேன். விழுந்தவளைப் பார்க்க வருகிறோம் என்று இன்னும் அதிகமாக வந்தார்கள். பார்த்தார்கள், "ஐயோ பாவம்" என்றார்கள், துண்டை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். சுடலைமுத்துவின் அக்கா அனுசியா கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எந்திரிக்காத முத்துசெல்வி, எந்த டப்பால எது இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றாள். சொன்னதும், "இரு, நீயே வந்து எடுத்துக் குடுத்திரு, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

அன்றைக்கு அவளால் வீட்டைக் கழுவ முடியவில்லை. அதனால் என்னிடம் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஆச்சி, அடுத்த சீசனுக்கு நான் இந்த ஊருல இருக்க மாட்டேன்."

"எங்கட்டி போவ? கடையத்துக்கா? அங்கன உங்க அண்ணன் வீட்டுலயும் நீதான் ஆக்கணும்."

"தூரமாப் போவேன். பஸ்ஸு போகாத ஊருக்கு."

கால் சரியானதும் என்னையும் இழுத்துக்கொண்டு தென்காசியில் பாஹிமா கடைக்குப் போனாள். பாஹிமா ஹபீபுல்லாவின் மகள். அப்பாவும் மகளுமாக விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கிற கடை நடத்துகிறார்கள். வளைகுடாவுக்குப் போகிற பையன்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் நாங்கள் போய் உட்கார்ந்தோம்.

"எந்த ஊருக்குக்கா?" என்றாள் பாஹிமா.

"நம்ம ஆளு ஒருத்தர் கூட இல்லாத ஊருக்கு."

பாஹிமா சிரித்தாள். "மலேசியா போறீங்களா? நல்லா இருக்கும்."

"அங்கன பாதி கடையநல்லூர் இருக்கு. யாராவது பாத்துட்டு, முத்துசெல்வி மதினியா, வீட்டுக்கு வாங்கம்பாவ. போனா பதிலுக்கு அவிய சீசனுக்கு வருவாவ. வேண்டாம்."

"சிங்கப்பூர்?"

"மீதி கடையநல்லூர் அங்கனல்லா இருக்கு."

"தாய்லாந்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் தாய்லாந்து போய்வந்த ஒருத்தன் பெண்டாட்டியிடம் இன்னும் முழுக்கதையும் சொல்லவில்லை. "சுடலையைக் கூட்டிட்டு அங்க போகாதட்டி, அவன் பாக்குத பொம்பளையை எல்லாம் சீசனுக்கு வரச் சொல்லிருவான்" என்றேன். தாய்லாந்தும் அடிபட்டது.

கடைசியில் பாஹிமா வியட்நாம் என்றாள். அந்தப் பெயரில் எங்களுக்கு ஒரு அத்தை மகனும் கிடையாது, ஒரு கொழுந்தனும் கிடையாது. முத்துசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆனி மாசம் அங்கனயும் மழைதான்க்கா" என்றாள் பாஹிமா.

"பெய்யட்டும். அந்த மழையைப் பாக்க யாரும் எங்க வீட்டுக்கு வரமாட்டாவல்லா?"

பாஹிமா கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். படகில் போகலாம், கடலுக்கு நடுவில் மலைகள் நிற்கும், பழைய கோயில், ராத்திரி கடைவீதி. முத்துசெல்வி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். "அப்புறம் ஒரு பெரிய அருவி இருக்குக்கா, அங்கன குளிக்கலாம்" என்றதும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அதை எடுத்துரு."

"அது பேக்கேஜ்லயே வருதுக்கா. எல்லாருக்கும் பிடிக்கும்."

"எல்லாருக்கும் பிடிக்கும், அதான் எடுத்துருங்கேன். அன்னைக்கு நாங்க ரூம்லயே இருக்கோம்."

பாஹிமா பயந்துபோய் எடுத்துவிட்டாள். பிறகு முத்துசெல்வி, கேட்கலாமா கூடாதா என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "காலைல சாப்பாடு?"

"ஓட்டல்லயே போடுவாங்க. பிடிச்சதை எடுத்துச் சாப்பிடலாம்."

"பாத்திரம்?"

"அவங்களே கழுவுவாங்கக்கா."

"படுக்கை விரிப்பெல்லாம்?"

"நீங்க வெளியே போயிட்டு வாரதுக்குள்ள மாத்தி விரிச்சு வச்சிருப்பாங்க."

"யாரு? வேற ஆளா?" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மலை, கடல், கோயில் எதற்கும் விரியாத கண் அந்தப் படுக்கை விரிப்புக்கு விரிந்தது.

சுடலைமுத்துவிடம் நான்தான் விஷயத்தைப் போட்டேன். திகைத்துவிட்டான்.

"வியட்நாமா? அங்கன சண்டைல்லா நடக்கு ஆச்சி?"

"அது முடிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு. உன் வீட்டுல நடக்குததைப் பாரு."

"சீசனுக்கு வாரவங்க என்ன நினைப்பாவ?"

"பூட்டு தொங்குதுன்னு நினைப்பாவ" என்றாள் முத்துசெல்வி.

கல்யாணம் ஆன நாள் முதல் அவள் எதிர்த்துப் பேசி அவன் கேட்டதில்லை. அதுவும் இல்லாமல் அவன் விமானத்தில் ஏறினதில்லை. அதில் டிக்கெட் யார் கிழிப்பார்கள் என்று பார்க்க அவனுக்கும் ஆசை. சரி என்றான். "ஆனா யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று அவள் சொன்னாள். அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். அவன் தலையில் இல்லை, என் தலையில். நான் உயிரோடுதான் இருக்கிறேன், அதனால் சத்தியத்துக்கு ஒரு சக்தியும் கிடையாது என்பதும் தெரிந்துபோயிற்று.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "எதுக்கு வெளிநாடு போறீங்க?" என்றார்.

முத்துசெல்விக்குப் பொய் வராது. "சீசனுக்கு ஆளு வருது சார். தாங்கல" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அந்தச் சுவரில் இருந்த தலைகளைப் பார்த்தார். "எனக்கு வீடு இலஞ்சியில. கொழுந்தியா குடும்பம் சென்னையில இருந்து வருது. நான் ஆனி, ஆடி ரெண்டு மாசமும் அருவில பந்தோபஸ்து டியூட்டி கேட்டு வாங்கிக்கிடுவேன். அங்கனயும் வந்து, மச்சான் கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லுங்கன்னு நிக்காவ" என்றார். சுற்றுலா என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது, "எந்த நாடும்மா அது?" என்று மறுபடியும் விசாரித்துக்கொண்டார்.

பாஸ்போர்ட் வந்தது. முத்துசெல்வி கடைவீதியில் ஒரு சக்கரப் பெட்டி வாங்கி வந்து, அதைத் தள்ளிப் பழக அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அந்த வைகாசியில் அவள் வாசலில் தண்ணீரே ஓடவில்லை.

மேற்கே மேகம் கூடிக் காற்று திரும்பியது. ஏதோ ஒரு கையெழுத்துக்காக நாங்கள் பாஹிமா கடைக்குப் போனோம். பாஹிமா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கைராசிக்காரங்க. ரெண்டு பேருன்னு வந்தீங்க, இப்ப ஒரு வேனே நிறைஞ்சிட்டு!"

"என்ன வேனு?"

"கோவில்பட்டி அனுசியா அக்கா வீட்டுல எல்லாரும் வாராவ. பாளையங்கோட்டை கிங்ஸ்லி டிரைவரும் அவங்க வீட்டம்மாவும் வாராவ. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பார்ட்டி. எல்லாரும் அண்ணாச்சி சொல்லித்தான் வந்தாவ. அந்த அருவியையும் திரும்பச் சேர்த்தாச்சுக்கா, அனுசியா அக்கா கேட்டாவ."

கிங்ஸ்லி என்பவன் சுடலைமுத்துவோடு ஒரே பஸ்ஸில் ஓடின டிரைவர். வருஷம் தவறாமல் சீசனுக்கு வந்து எங்கள் தெருவிலேயே பெரிய குறட்டை விடுகிறவன்.

முத்துசெல்வி செருப்பை மாட்டினாள். வீட்டுக்கு வந்தோம். சுடலைமுத்து பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, வாயை வச்சுக்கிட்டு உனக்குச் சும்மா இருக்க முடியாதா? எல்லாரையும் எதுக்குலே கூப்பிட்ட?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் எங்க ஆச்சி கூப்பிட்டேன்? தண்ணி விழுதான்னு போன்ல கேட்டாவ. விழும், ஆனா நாங்க ஊருல இருக்க மாட்டோம்னேன். ஏன்னு கேட்டாவ. சொன்னேன். போறேன்னு சொன்ன பொறவு, நீங்களும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம எப்படி இருக்க? மனுசன் பண்ணுத காரியமா அது?"

அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அடிக்கக்கூட முடியாத முகம்.

அந்த நேரம் பார்த்து அனுசியா போன் செய்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "முத்துசெல்வி, இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் கூடவே பண்ணிரு. அங்கனத்து சாப்பாடு எங்க வீட்டு ஆளுகளுக்கு ஆகாது. ரூம்ல அடுப்பு வச்சுக்கிடலாமான்னு அந்தப் பாஹிமாப் புள்ளைகிட்ட கேட்டு, அடுப்படி இருக்குத வீடாப் பாத்து மாத்திட்டேன். நீ இருக்கும்போது நமக்கென்ன கவலை!"

முத்துசெல்வி, "சரி மதினி" என்று போனை வைத்தாள். வாளியை எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் கழுவினாள். தண்ணீர் என் வீட்டு வாசல் தாண்டி, தெருமுனை டீக்கடை வரைக்கும் போனது.

மறுநாள் தனியாக பாஹிமா கடைக்குப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூப்பிட்டாள். போனதும் நின்றபடியே சொன்னாள்.

"என் பேரை மட்டும் எடுத்துரு பாஹிமா. அவியள்ட்ட சொல்லாத."

"அக்கா! எல்லாம் ரெடி ஆயிட்டே."

"ஆகட்டும். எடுத்துரு."

எனக்கே மனசு கேட்கவில்லை. "ஏட்டி, அவ்வளவு ஆசைப்பட்டியேட்டி" என்றேன்.

"நான் என்ன வியட்நாமுக்கா ஆசைப்பட்டேன் ஆச்சி? அடுத்தவ ஆக்குனதை உக்காந்து திங்க ஆசைப்பட்டேன். அங்கனயும் நான்தான் ஆக்கணும்னா என் அடுப்படியிலயே ஆக்கிட்டுப் போறேன். கரண்டி இருக்குத இடமாவது தெரியும்."

எனக்கு ஒரே பயம்தான். இவள் சொல்லாமல் இருந்துவிடுவாள், அது பெரிதில்லை. ஆனால் அந்தக் கூட்டம் வாசலில் நின்று, "வா முத்துசெல்வி" என்று கையைப் பிடித்து இழுத்தால், டிக்கெட் இல்லாவிட்டாலும் ஏறிப்போய்விடுகிற ஆள் இவள்.

விமானம் திருவனந்தபுரத்தில். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கினால் அந்தா இந்தா என்று போய்விடலாம். அதனால் எல்லாரும் எங்கே வந்து கூடினார்கள்? வேறு எங்கே? தண்ணீர் நன்றாக விழுகிறது என்று முன்கூட்டியே வந்துவிட்டார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், குளித்தார்கள், சுவரில் சாய்ந்தார்கள். கிங்ஸ்லி குறட்டை விட்டான். முத்துசெல்வி ஆக்கிப் போட்டுக்கொண்டே பொடி இடித்தாள், புளிக்காய்ச்சல் கிண்டினாள், முறுக்குச் சுட்டாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மனசு மாறிவிட்டாளோ என்று.

புறப்படுகிற அன்று காலை வேன் வந்து நின்றது. சாமானெல்லாம் ஏறியது. ஆட்கள் ஏறினார்கள். அனுசியா தன் பக்கத்து சீட்டில் புளிசாதத் தூக்குச்சட்டியை வைத்து இடம் பிடித்திருந்தாள். "ஏறு முத்துசெல்வி, இதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா போற வழியிலேயே எல்லாருக்கும் பரிமாறிரலாம்."

முத்துசெல்வி வேன் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

"நான் வரல மதினி. நீங்க போயிட்டு வாங்க."

உள்ளே ஒரே சத்தம். சுடலைமுத்து முன்பக்கத்திலிருந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னட்டி சொல்லுத? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எனக்கு டிக்கெட்டு கிடையாது. எடுத்துரச் சொல்லிட்டேன்."

"நீ இல்லாம நான் எப்படிப் போக? நானும் இறங்குதேன்."

"இறங்குங்க. நீங்க கூப்பிட்டுத்தானே இத்தனை பேரும் வந்திருக்காவ? அவியளைத் தெரியாத ஊருல தனியா விட்டுருவீயளா? மனுசன் பண்ணுத காரியமா அது?"

சுடலைமுத்து வேனுக்குள் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தக் கால் தரைக்கும் படிக்கும் நடுவில் ஆடியது. பிறகு மேலே போய்விட்டது.

"அப்போ சாப்பாட்டுக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் அனுசியா.

"உங்க தம்பிக்குப் பொடி எது, புளி எதுன்னு காட்டிக் குடுத்திருக்கேன் மதினி. சோறு எப்படி வடிக்கணும்னு, போற வழியில நீங்க சொல்லிக் குடுத்திருங்க."

வேன் போனது. தெருமுனையில் அதன் பின்பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். நான் மத்தியானம் எட்டிப் பார்த்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விருதுநகர்ப் பக்கத்து ஆள், பெண்டாட்டி, பிள்ளைகள், தோளில் துண்டு. "கண்டக்டர் அண்ணாச்சி வீடுதானே? ஒருநாள் பஸ்ஸுல பேசிட்டு வந்தோம். சீசனுக்குக் கண்டிப்பா வரணும்னு சொன்னாரு" என்றார் அந்த ஆள்.

நான் என் வாசலில் இருந்து திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். முத்துசெல்வி என்னைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினாள். வந்தவர்களை வாங்க என்று சொல்லியே பழகின வாய் அது.

"அவிய வியட்நாம் போயிருக்காவ" என்றாள்.

"எப்ப வருவாங்க?"

"தெரியாது. நீங்களும் போறதா இருந்தா தென்காசியில பாஹிமா கடைன்னு கேளுங்க. நல்லா பண்ணிக் குடுப்பா. படுக்கையெல்லாம் அவங்களே விரிச்சிருவாவ."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த ஆள் கதவையும் என்னையும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் பழைய குற்றாலத்து அருவிக்குப் போனோம். நான் கரையில் உட்கார்ந்துகொண்டேன், எனக்குக் குளிர் ஆகாது. அவள் தண்ணீருக்குள் போனவள் வரவே இல்லை. "ஏம்மா, தள்ளு, மத்தவங்களும் குளிக்கணும்" என்று பின்னால் நின்ற பொம்பளைகள் கத்தினார்கள். போலீஸ்காரி விசில் ஊதினாள். முத்துசெல்வி தலையைக் குனிந்துகொண்டு மாடு மாதிரி அசையாமல் நின்றாள். கை விரலெல்லாம் சுருங்கி வெளுத்துப்போய்த்தான் வெளியே வந்தாள்.

அங்கிருந்து பசியோடு நேராக ஒரு பரோட்டாக் கடைக்குப் போனோம். அவள் போனை எடுத்துப் பார்த்தாள். சுடலைமுத்து ஒரு படம் அனுப்பியிருந்தான். அடுப்புக்கு முன்னால், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் ஏதோ ஒரு கடல் தெரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம்ட்டி" என்றேன்.

"பாவம்தான்" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். இலையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

நான் சாப்பிட்டு, கைகழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சாப்பிட இடம் கிடைக்காமல் ஆட்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். முத்துசெல்வி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சால்னா வாளியோடு போன ஆளை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, எனக்கு மெதுவாத்தான் திங்க வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.